உரோமமும் யதார்த்தமும்: இலக்கமுறை ஓவியத்தில் விலங்குரு பற்றிய ஒரு விமரிசன நோக்கு

விலங்குகளின் உரோமத்தை உள்ளது உள்ளவாறு தீட்டிக் காட்டுதல் ஓவியனின் கைத்திறனுக்கு உரைகல்லாக நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்துள்ளது. உரோமம் என்பது எண்ணிறந்த தனி இழைகள் கூடி ஒரு மேற்பரப்பாகத் தோன்றும் நிலையாகும். இழைகளைத் தனித்தனியே தீட்டினால் மேற்பரப்புச் சிதைந்துவிடும். மேற்பரப்பை மட்டும் தீட்டினால் இழையின் மென்மை தோன்றாது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழியைக் கண்டறிவதிலேயே ஓவியரின் வாழ்நாட் பயிற்சியில் ஒரு பகுதி கழிந்தது.

கணினித் திரையில் ஓவியம் தீட்டும் முறை பரவிய பின்னர் இந்நிலை பெரிதும் மாறிவிட்டது. கையின் அழுத்தத்தை உணர்ந்து கோட்டைத் தடிக்கவும் மெலியவும் செய்யும் பேனா, ஒன்றன்மேலொன்றாக வைக்கத்தக்க அடுக்குகள், ஒரே இழுப்பிற் பத்து இருபது மயிர்களைப் பதிக்கும் ஆயத்தத் தூரிகைகள் ஆகியன போட்டோசொப், கிரிட்டா, புரொகிரியேற் முதலிய மென்பொருள்களிற் கிடைக்கின்றன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இம்முறையைக் கைக்கொள்ளும் இளைஞர் உளர். வரைபலகை வாங்க வசதியற்றுக் கையடக்கத் தொலைபேசியின் கண்ணாடியில் விரலாற் கீறுவோரும் அவர்களுட் சிலர். இவர்கள் தீட்டும் சிறுத்தையையும் கரடியையும் நாயையும் காண்போர் வழங்கும் மிகவுயர்ந்த பாராட்டு, ‘மயிரை எண்ணலாம் போலிருக்கிறது’ என்பதாகும். இப்பாராட்டு உண்மையிற் பாராட்டுத்தானா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இவ்வினா ஓவியத்திற்கு மாத்திரம் உரியதன்று. இலக்கிய விமரிசனத்தில் இதனை ஒத்த பிரச்சினையொன்று முன்னரே விரிவாக ஆராயப்பட்டுள்ளது. இயற்பண்புவாதம், யதார்த்தவாதம் என்னும் இரண்டையும் வேறுபடுத்தி நோக்கவேண்டும் என்பதை ஈழத்துத் தமிழ் விமரிசனத்திற் பேராசிரியர் க. கைலாசபதி முதலியோர் வற்புறுத்தினர். வெளித்தோற்றத்தின் விவரங்களையெல்லாம் ஒரே சீராக அடுக்கிச் செல்வது இயற்பண்புவாதம். விவரங்களுள் இன்றியமையாதவற்றைத் தெரிந்து, அவற்றின் வாயிலாக ஒரு வாழ்வின் இயக்கத்தைக் காட்டுவது யதார்த்தவாதம். ஹங்கேரிய அறிஞர் லூகாச் 1936 ஆம் ஆண்டில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில் இவ்வேறுபாட்டை விளக்க இரு குதிரைப் பந்தயக் காட்சிகளை ஒப்பிட்டார். சோலாவின் ‘நானா’ நாவலிற் பந்தயம் பார்வையாளனின் கண்ணால் நுணுக்கமாக விவரிக்கப்படுகின்றது. ரோல்ஸ்ரோயின் ‘அன்னா கரீனினா’விலோ அது அதிற் பங்குகொள்வோரின் வாழ்வோடு பின்னிப் பிணைந்து, கதையின் திருப்பமாகவே அமைகின்றது. முன்னதில் விவரம் மிகுதி. பின்னதில் விவரத்துக்குப் பொருள் மிகுதி. இவ்வளவுகோலை உரோமத்திற்குப் பொருத்திப் பார்க்கலாம்.

முதலில் உரோமத்தின் இயல்பை நோக்குவோம். பெரும்பாலான பாலூட்டிகளின் உடலில் இருவகை மயிர்கள் உள்ளன. தோலை ஒட்டிக் குட்டையாகவும் அடர்த்தியாகவும் கிடந்து வெப்பத்தைக் காப்பது உள்மயிர். அதற்கு மேலே நீண்டு, சற்றுத் தடித்து, மழையையும் முள்ளையும் தாங்குவது வெளிமயிர். மூக்கருகே மிகக் குறுகிய மயிர் கழுத்துக்கு வருகையில் நீளும். தோளிலும் முழங்காலிலும் திசை மாறும். சில இடங்களிற் சுழியாகும். மயிர்கள் தனித்து நிற்பதில்லை. ஈரத்தாலும் எண்ணெய்ப் பசையாலும் கற்றைகளாகச் சேர்கின்றன. ஒளியின் ஒரு பகுதி மயிரின் மேற்பரப்பிற் பட்டு வெண்மையாகத் தெறிக்க, இன்னொரு பகுதி உள்ளே புகுந்து நிறமேறி வெளிவருகின்றது. மனிதத் தலைமயிரைவிட விலங்கு மயிரின் நடுவேயுள்ள அகணி பருத்தது. ஆதலால் ஒளி உள்ளே மிகுதியாகச் சிதறி மேற்பரப்பு மென்மையாகத் தோன்றுகின்றது. இவற்றை அறிந்த ஓவியன் முதலில் ஒளியும் நிழலுமாகிய பெரும் பரப்புகளை வகுப்பான். பின்னர் மயிரின் திசையைக் குறிப்பான். அதன்பின் கற்றைகளைப் பிரிப்பான். தனி மயிரை இறுதியில், வேண்டிய சில இடங்களில் மாத்திரம் தொடுவான்.

ஆயத்தத் தூரிகை இவ்வொழுங்கைத் தலைகீழாக்கும் ஆபத்தை உடையது. தனி மயிர் இறுதிக்கு உரியதாயிருக்க, தூரிகை அதனை முதலிலேயே தந்துவிடுகின்றது. விளைவு யாது? எலும்பும் தசையும் உணரப்படாத ஓர் உருவின்மீது ஒரே நீளமும் ஒரே செறிவும் உள்ள மயிர்ப் பரப்பொன்று போர்த்தப்படுகின்றது. நிழலிற் கிடக்கும் வயிற்று மயிரும் வெயிலில் நிற்கும் முதுகு மயிரும் ஒரே கூர்மையுடன் தெரிகின்றன. காண்பவரின் கண் எங்கும் தங்குவதில்லை. எல்லா மயிரும் சமமாக முக்கியமானவை என்பது எந்த மயிரும் முக்கியமானதன்று என்பதற்கு ஒப்பாகும். லூகாச் எதிர்த்த விவரிப்பு முறை இங்கே திரையில் மீண்டும் தோன்றுகின்றது.

பழைய ஓவியர் இதனை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது நோக்கத்தக்கது. ஜெர்மானிய ஓவியர் டியூரர் 1502 ஆம் ஆண்டில் நீர்வண்ணத்தில் தீட்டிய முயல் இன்று வியன்னாவின் அல்பேர்ட்டினா அரும்பொருளகத்தில் உள்ளது. சுமார் 25 சென்ரிமீற்றர் உயரமே உள்ள அச்சிறு தாளில், கபில நிற அடிப்பூச்சின்மீது கருங்கோடுகளும் வெண்கோடுகளும் பல திசைகளிற் செல்கின்றன. ஆயினும் அம்முயலை நாம் நினைவில் வைத்திருப்பது அதன் மயிரின் தொகைக்காக அன்று. பதுங்கியிருக்கும் உடலின் விறைப்பும், கண்ணிற் பிரதிபலிக்கும் சாளரமும், எழுந்து நிற்கும் செவிகளுமே அதனை உயிருள்ளதாக்குகின்றன. மொகலாயச் சிற்றோவியத்திலும் இதனைக் காணலாம். ஜஹாங்கீரின் அரண்மனை ஓவியர் அபுல் ஹசனுடையது எனக் கருதப்படும், 1610 ஆம் ஆண்டளவினதான அணில்களின் ஓவியத்தில், சினார் மரத்திற் பாய்ந்து திரியும் அணில்களின் மயிர் மிக நுண்ணிதாகத் தீட்டப்பட்டுள்ளது. மொகலாய ஓவியர் கையாண்ட நுண்தூரிகைகள் பெரும்பாலும் அணிலின் வால்மயிராற் செய்யப்பட்டவை என்பதையும் ஈண்டு நினைவுகொள்ளலாம். அங்கும் மயிர் அணிலின் பாய்ச்சலுக்கு அடங்கியே நிற்கின்றது.

தமிழ்நாட்டிலேயே இதனினும் தெளிவான சான்றொன்று உண்டு. மாமல்லபுரத்திற் பல்லவச் சிற்பிகள் செதுக்கிய குரங்குக் குடும்பத்தில் ஒரு குரங்கு மற்றொன்றின் உடலிற் பேன் பார்த்துக்கொண்டிருக்கின்றது. அக்கல்லில் மயிர் தனித்தனியே செதுக்கப்படவில்லை. ஆயினும் பேன் பார்க்கும் விரல்களின் செயல் காரணமாக உரோமம் அங்கே இருப்பதை நாம் ஐயமின்றி உணர்கின்றோம். மயிரைக் காட்டாமலே மயிரை உணர்த்தல் இயலும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

கணினிக் கலையின் வரலாறும் இக்கருத்தை வலியுறுத்துகின்றது. பிக்ஸார் நிறுவனம் 2001 இல் வெளியிட்ட ‘மொன்ஸ்ரர்ஸ் இன்க்’ திரைப்படத்திற் சலி என்னும் பாத்திரத்தின் உடலில் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட மயிர்கள் கணினியால் இயக்கப்பட்டன. அது பெருஞ்சாதனையே. எனினும் அப்பாத்திரம் மனத்தைத் தொட்டது அதன் முகபாவத்தாலும் நடையாலும் ஆகும். மாறாக, 2019 இல் வெளியான ‘லயன் கிங்’ திரைப்படத்திற் சிங்கத்தின் உரோமம் நிழற்படத்தோடு மயங்கும் அளவுக்குத் துல்லியமாயிருந்தும், முகங்களில் உணர்ச்சி புலப்படவில்லை என விமரிசகர் பலர் குறை கூறினர். மயிர் மெய்யாயிற்று, சிங்கம் மெய்யாகவில்லை. இரு படங்களுக்குமிடையே தொழில்நுட்பம் பதினெட்டு ஆண்டுகள் வளர்ந்திருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி எமது பிரதேசத்திற்கு வருவோம். வன்னியின் காடுகளில் வாழும் விலங்குகளுள் உரோமத்தாற் சிறப்புற்றது கரடி. கிளிநொச்சி நகரை அடுத்து ஏ9 வீதியிலுள்ள கரடிப்போக்குச் சந்தி தன் பெயரிலேயே கரடியைத் தாங்கி நிற்கின்றது. சங்கச் செய்யுள்களில் எண்கு என்னும் பெயரால் வரும் இவ்விலங்கு புற்றைத் தோண்டி இரை தேடுவதாகவே பலவிடங்களிற் கூறப்படுகின்றது. அக்காட்சி இன்றும் பொய்க்கவில்லை. இதற்கு உள்மயிர் இல்லை. கறையானை உறிஞ்சுவதற்கேற்ப மூஞ்சி மயிர் குறைந்து வெளிறியிருக்கும். இலங்கைக் கரடி ஒரு தனிக் கிளையினமாகும். இந்தியக் கரடியோடு ஒப்பிடுகையில் இதன் உடல்மயிர் குட்டையானது. மார்பிலுள்ள வெள்ளைக் குறியும் பலவற்றில் மங்கியோ இல்லாமலோ இருக்கும்.

ஆனால் எம்மவரின் திரையோவியங்களில் வரும் கரடிக்கு நீண்டு தொங்கும் சடையும் பளிச்சென்ற மார்புக் குறியும் தவறாது காணப்படுகின்றன. சில ஓவியங்களில் அது குளிர்நாட்டுக் கரடியின் தடித்த உள்மயிரையும் பெற்றுவிடுகின்றது. காரணம் எளிது. ஓவியர் பார்த்துக் கீறுவது காட்டுக் கரடியை அன்று. இணையத்திற் கிடைக்கும் பிறநாட்டு நிழற்படத்தையும் அதற்கென ஆக்கப்பட்ட தூரிகையையுமே. அந்த மயிரில் எமது புற்று மண்ணின் செம்மை இல்லை. பாலைப்பழக் காலத்தில் மரமேறி இறங்கியதால் ஒட்டிய பிசுபிசுப்பு இல்லை. பற்றைகளுள் நுழைந்து தேய்ந்த தடம் இல்லை. தேனெடுக்கவும் பாலைப்பழம் பறிக்கவும் காட்டுக்குச் செல்வோர் அஞ்சும் கரடி அதுவன்று. ஒவ்வொரு மயிரும் சரியாயிருக்க, கரடி முழுவதும் பிழையாயிருப்பதை இங்கே காண்கின்றோம்.

சிறுத்தையின் நிலை இதனினும் பாரதூரமானது. வேங்கைப் புலி இலங்கைக் காடுகளில் இல்லை. இங்குள்ள பெரும் ஊனுண்ணி சிறுத்தையே. அதன் விலாவிலும் தோளிலும் பூப்போன்ற வளையப் புள்ளிகளும், தலையிலும் காலிலும் நிறைந்த கரும்புள்ளிகளும் அமைந்துள்ளன. வளையத்தின் நடுவே புள்ளியிருப்பது அமெரிக்கக் கண்டத்து ஜாகுவாருக்கு உரிய அடையாளம். எம் இளைஞரின் ஓவியங்கள் சிலவற்றில் ஜாகுவாரின் தோல் சிறுத்தைக்குப் போர்த்தப்பட்டுள்ளது. வேறு சிலவற்றில் வளையங்கள் துணியிற் பதித்த அச்சுப்போல் ஒரே அளவில் உள்ளன. உயிருள்ள தோல் அவ்வாறிருப்பதில்லை. தோள் மடியும்போது வளையம் ஒடுங்கும். வயிறு இழுபடும்போது அது நீளும். புள்ளியின் விளிம்பு மயிரின் திசையிலேயே கலையும்.

2018 யூன் மாதத்திற் கிளிநொச்சி அம்பாள்குளம் கிராமத்துக்குள் வந்த சிறுத்தையொன்று பலரைக் காயப்படுத்திய பின்னர் மக்களால் அடித்துக் கொல்லப்பட்டது. அக்காட்சியின் படங்களும் காணொளிகளும் சமூக ஊடகங்களில் விரைவாகப் பரவின. அதன் தொடர்பிற் சிலர் கைதுசெய்யப்பட்டனர். அச்சத்துக்கு ஆளான கிராமத்தாரைத் தூரவிருந்து குறை கூறுவது எளிது. அது இக்கட்டுரையின் நோக்கமன்று. எமது அவதானத்துக்குரியது வேறொன்று. சிறுத்தையை மிக அண்மையிற் காட்டிய அப்படங்களில் அதன் உரோமம் புழுதி படிந்து கிடந்தது. அழகிய புள்ளித் தோலாகத் திரையிற் கண்டு வியக்கப்பட்ட ஒரு விலங்கும், வேலியோரத்தில் அஞ்சப்பட்ட ஒரு விலங்கும் ஒன்றே என்னும் உணர்வு எமது ஓவியங்களில் இன்னும் இடம்பெறவில்லை. குறுகிவரும் காட்டுக்கும் விரியும் குடியிருப்புக்கும் இடையில் அகப்பட்ட விலங்கின் உரோமம் நிழற்படக் கூடத்து ஒளியில் மின்னுமாயின், அவ்வொளி எதையோ மறைக்கின்றது என்றே கொள்ளவேண்டும்.

காட்டு விலங்கைக் காணும் வாய்ப்பு எல்லோருக்கும் இல்லை என ஒருவர் வாதிடலாம். அவ்வாறாயின் வீட்டு விலங்கை எடுத்துக்கொள்வோம். இவ்விடத்தில் இக்கட்டுரையாளரின் சொந்த அனுபவமொன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். விடுமுறைக் காலமொன்றில் எம் வீட்டுப் பசுவைத் தொலைபேசித் திரையிற் பல நாட்கள் முயன்று தீட்டினேன். நெற்றிச் சுழியும் கழுத்துத் தொங்கலின் குறுமயிரும் ஓரளவு நன்கு அமைந்தன என்பது என் எண்ணம். படத்தைப் பாட்டனாரிடம் காட்டியபோது அவர் நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “மயிரெல்லாம் வடிவாத்தான் கீறிக் கிடக்கு. குறி எங்க மோனை? குறியில்லாட்டி இது ஆற்றை மாடு?” என்று கேட்டார். நான் பயன்படுத்திய தூரிகை பின்தொடையின் மேலிருந்த குறிசுட்ட தழும்பை ஒரே இழுப்பில் மயிரால் மூடிவிட்டிருந்தது. அத்தழும்பு இல்லாதிருப்பதே அழகு என நானும் எண்ணியிருந்தேன்.

வன்னியிற் பட்டிமாடு வைத்திருப்போர் தத்தமக்கெனக் குறிகளை உடையவர். காலபோக வேளாண்மை தொடங்கியதும் மாடுகள் வயல்வெளிகளிலிருந்து காட்டோரங்களுக்குச் சாய்க்கப்படும். பலருடைய மாடுகள் கலந்து மேயும். அப்போது உடைமையை நிறுவுவது குறியே. காய்ச்சிய இரும்பு பட்ட இடத்தில் மயிர்க்கால்கள் அழிவதால் அங்கு மீண்டும் மயிர் முளைப்பதில்லை. தழும்பின் தோல் வழவழப்பாயிருக்கும். சுற்றியுள்ள மயிர் அதன்மீது ஒழுங்கின்றிச் சாய்ந்திருக்கும். ஓவியத் தொழில்நுட்ப நோக்கிற் கூறுவதாயின், இது தூரிகை நிற்கவேண்டிய இடம். சமூக நோக்கிற் கூறுவதாயின், ஒரு விலங்குக்கும் ஒரு குடும்பத்துக்குமுள்ள உறவு உரோமத்தின் இன்மையால் எழுதப்பட்ட இடம்.

இதன் பொருளை வன்னி மக்கள் நன்கறிவர். 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் மக்கள் தம் கால்நடைகளை அவிழ்த்துவிட்டுச் செல்ல நேர்ந்தது. மீள்குடியேற்றத்தை அடுத்த ஆண்டுகளிற் கட்டாக்காலியாகத் திரிந்த மாடுகளிடையே குறியைத் தேடியே பலர் தம்முடையவற்றை இனங்காண முயன்றனர். குறிகள் இருந்தும் அவற்றுக்கு உரியோர் திரும்பி வராத நிலையும் இருந்தது. அம்மாடுகள் இன்று இல்லை. அவற்றைப் படம்பிடித்து வைத்தோரும் மிகச் சிலரே. இனி ஒருவர் அவற்றைத் தீட்ட விரும்பினால் இணையத்திற் பார்த்துக் கீறத்தக்க படம் கிடைக்காது. முதியோரின் நினைவே அவருக்கு மூலப்படமாகும். குறியற்ற அழகிய மாட்டைத் தீட்டுவது அந்நினைவின்மீது மயிரை வளர்ப்பதாகவே முடியும்.

இவ்வாறு கூறுவதால் இலக்கமுறை ஓவியக் கருவிகளை நிராகரிப்பதாகக் கொள்ளலாகாது. அணில்வால் தூரிகையும் ஒரு கருவி. கணினித் தூரிகையும் ஒரு கருவி. உண்மையில் அடுக்குகளைப் பிரித்து வைக்கவும், தவறியதைத் திரும்பப் பெறவும், ஒரே உருவைப் பல ஒளிகளில் நோக்கவும் இடந்தரும் இக்கருவி, தெரிவு செய்யும் ஓவியனுக்குப் பழைய கருவிகளைவிட மிகுந்த சுதந்திரத்தை வழங்குகின்றது. தாளும் வண்ணமும் வாங்க இயலாத மாணவருக்கு அது ஓவியத்தின் வாசலைத் திறந்துவிட்டிருப்பதையும் மறுத்தலாகாது. மயிரின் திசையையும் கற்றையையும் ஒளியையும் கல்லாமல் உண்மையை மட்டும் பேசுவதாற் பயனில்லை என்பதும் ஒப்புக்கொள்ளவேண்டியதே. கைத்திறன் இல்லாத யதார்த்தம் வெறும் நோக்கமாகவே நின்றுவிடும். ஆயின் கைத்திறனைத் தூரிகை தானாகவே தரத் தொடங்கிய இக்காலத்தில் ஓவியனின் பொறுப்பு குறையவில்லை. அது கையிலிருந்து கண்ணுக்கு இடம் மாறியுள்ளது.

எனவே எம் ஓவியர் முன்னுள்ள பணி தெளிவானது. தூரிகையைத் தெரிவதற்கு முன்னர் விலங்கைப் பார்த்தல் வேண்டும். அது எங்கே படுத்தது, எதில் உராய்ந்தது, யாருக்கு அஞ்சியது, யாருக்கு உரியது என்பவற்றை உரோமத்தின் மீதே கண்டறிதல் வேண்டும். புழுதியும் தழும்பும் தேய்வும் நீக்கப்படவேண்டிய குறைகளல்ல. அவையே அவ்விலங்கின் வரலாறு. ‘மயிரை எண்ணலாம் போலிருக்கிறது’ என்னும் பாராட்டுக்கு மயங்காது, ‘இது ஆற்றை மாடு?’ என்னும் வினாவுக்கு விடைகூறும் ஓவியம் எம் மண்ணிலிருந்து தோன்றுமாயின், அதனையே யதார்த்த ஓவியம் எனத் தயக்கமின்றி அழைக்கலாம்.